மலைச்சாலை இறக்கத்தில் நியூட்ரலில் வந்தும் மைலேஜ் குறைவது ஏன்?

கேள்வி:
வணக்கம். மேட்டுப்பாளையத்தில் வசிக்கும் நான் மூன்று மாதங்களாகக் குன்னூருக்குத் தினமும் காரில் வேலைக்குச் சென்று திரும்புகிறேன். 1.2 லிட்டர் பெட்ரோல் எஞ்சின், கையால் மாற்றும் கியர். சமவெளியில் லிட்டருக்கு 17 கி.மீ. கொடுத்த வண்டி இப்போது 13-ஐத் தாண்டுவதில்லை. பெட்ரோலை மிச்சப்படுத்துவதற்காக இறக்கம் முழுவதும் நியூட்ரலில்தான் வருகிறேன். பர்லியாரை நெருங்கும்போது பிரேக்கிலிருந்து கருகிய வாடை வருகிறது. பணிமனையில், எஞ்சினுக்குப் பெட்ரோலைத் தெளிக்கும் இன்ஜெக்டரைச் சுத்தம் செய்யச் சொல்கிறார்கள். செய்யலாமா?

மறுமொழி 1:
நண்பரே, இன்ஜெக்டரை விடுங்கள். முதலில் நியூட்ரலை விடுங்கள். இன்ஜெக்டருக்குப் பதிலாகக் கார்புரேட்டர் வழியே பெட்ரோல் சென்ற பழைய வண்டிகளில் கியரில் இறங்கினாலும் எஞ்சின் பெட்ரோலை உறிஞ்சிக்கொண்டே இருக்கும் என்பதால் அந்தக் காலத்தில் இப்பழக்கத்துக்கு ஓரளவு காரணம் இருந்தது. உங்கள் வண்டியிலோ, கியரில் இருந்தபடி ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால், எஞ்சின் போதிய வேகத்தில் சுழன்றுகொண்டிருக்கும் நேரமெல்லாம் வண்டியின் கணினி இன்ஜெக்டர்களை மூடியே வைக்கிறது. நியூட்ரலில் எஞ்சின் அணையாமல் இருக்க மணிக்கு அரை லிட்டருக்கு மேல் எரிக்க வேண்டியிருக்கும். அதோடு, நியூட்ரலில் எஞ்சின் வண்டியைப் பிடித்து நிறுத்தாததால் முழுச் சுமையும் பிரேக்கின் மேல்தான். இறங்க ஒரு மணி நேரம் ஆகிறதென்றால், பிரேக்கைக் கருக்குவதற்கு நீங்களே காசு கொடுக்கிறீர்கள் என்றுதான் பொருள். ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் ஏறத்தாழ 2.3 கிலோ கரியமில வாயு வெளியேறுகிறது என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

கேட்டவர்:
இரண்டாவது கியரில் இறங்கினால் எஞ்சின் நிமிடத்துக்கு மூவாயிரம் சுற்றுகளில் இரைகிறதே, ஐயா? அது எப்படிச் சிக்கனமாகும்? எஞ்சினையே அணைத்துவிட்டு இறங்கலாம் என்றும் ஒருவர் சொன்னார்.

மறுமொழி 1:
சுற்றுகளைக் குறிக்கும் அந்த முள் காட்டுவது எஞ்சினின் சுழற்சியைத்தான், எரிபொருளை அல்ல. அப்போது எஞ்சினைச் சுழற்றுவது சக்கரங்கள். எஞ்சினை அணைத்தால் ஓரிரு மிதிகளுக்குப் பிறகு பிரேக் கல்லாகிவிடும், ஸ்டியரிங்கும் கனத்துவிடும். கொண்டை ஊசி வளைவில் அதைச் சோதித்துப் பார்க்க வேண்டாம்.

மறுமொழி 2:
ஏற்றத்தையும் கணக்கில் எடுங்கள். சுமார் 1,100 கிலோ எடையுள்ள காரை 1,500 மீட்டர் உயரத்துக்குத் தூக்குவதற்கு மட்டுமே, எஞ்சினின் வெப்ப இழப்பையும் சேர்த்து, இரண்டு லிட்டரை ஒட்டிச் செலவாகும். எனவே சமவெளியின் 17-ஐ இங்கே எதிர்பார்க்க வேண்டாம். வண்டியில் பழுது என்று முடிவுகட்டவும் வேண்டாம். டிக்கியில் தேவையற்ற சுமை இருந்தால் இறக்குங்கள். ஏற்றத்தில் எஞ்சின் திணறும் அளவுக்கு உயர் கியரைப் பிடித்துக்கொண்டு அழுத்துவது சிக்கனம் அல்ல. டயர் காற்றைக் காலையில் வண்டி கிளம்பும் முன், டயர் சூடேறாதபோது பாருங்கள். குன்னூருக்கு ஏறிய சூட்டில் பார்த்தால் அளவு கூடுதலாகவே காட்டும். மைலேஜை டேங்க் நிரப்பி, ஓட்டி, மீண்டும் நிரப்பும் முறையிலேயே (ஓடிய கி.மீ.-ஐ மீண்டும் பிடித்த லிட்டரால் வகுத்து) கணக்கிடுங்கள்.

கேட்டவர் (இரண்டு வாரங்களுக்குப் பிறகு):
நீங்கள் இருவரும் சொன்னபடியே செய்தேன். ஆளில்லாத, சற்றே நேரான ஓர் இறக்கத்தில் உடனடி மைலேஜ் காட்டும் திரையைக் கவனிக்கும்படி பக்கத்தில் அமர்ந்திருந்த தம்பியிடம் சொன்னேன். நியூட்ரலில் 50-க்கும் 60-க்கும் இடையே ஆடிய எண், கியரில் இருந்தபடி ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்ததும் திரை காட்டக்கூடிய உச்சமான 99.9-க்குத் தாவி அங்கேயே நின்றுவிட்டதாம். டயர்களில் 33 பி.எஸ்.ஐ. இருக்க வேண்டிய இடத்தில் 27தான் இருந்தது. டேங்க் நிரப்பிக் கணக்கிட்டதில் இப்போது 14.6 கி.மீ. வருகிறது. கருகிய வாடை இல்லை. இருந்தாலும் இத்தனை நாள் சூடேறிய பிரேக் பட்டைகளைக் கழற்றிப் பார்க்கச் சனிக்கிழமை வண்டியை விடுகிறேன். இன்ஜெக்டரைத் தொட வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.