படர்தாமரைக் களிம்பு எதை அடிக்கிறது: பூஞ்சையின் சுவரையா, சவ்வுக் கொழுப்பையா?

ஏலக்கூடம் (காசிமேடு):
நாள் முழுக்க ஈரத்தில் நிற்கிற வேலை. இடுப்பிலும் தொடையிடுக்கிலும் படர்தாமரை. கடையில் கொடுத்த களிம்பைப் பூசினால் அரிப்பு நிற்கிறது, விட்டால் முன்னைவிட அகலமாக வருகிறது. டியூபில் க்ளோட்ரிமசோல், க்ளோபெட்டசால் என்று இரண்டு பெயர் இருக்கிறது. இது பூஞ்சையைக் கொல்கிறதா இல்லையா?

வண்ணை மெடிக்கல்:
க்ளோபெட்டசால் ஸ்டீராய்டு அண்ணே. பூஞ்சையை ஒன்றும் செய்யாது, உங்கள் தோலின் எதிர்ப்பைத்தான் அடக்கும். அரிப்பு போய்விடும், பூஞ்சை நிம்மதியாகப் பரவும். உருப்படியானது க்ளோட்ரிமசோல் மட்டும். நம் செல் சவ்வில் கொலஸ்டிரால் இருக்கிற இடத்தில் பூஞ்சைக்கு எர்கோஸ்டிரால் என்ற ஸ்டிரால் வகைக் கொழுப்பு இருக்கிறது. அதைத் தயாரிக்கும் ஒரு நொதியை க்ளோட்ரிமசோல் போன்ற அசோல் மருந்துகள் தடுக்கின்றன. எர்கோஸ்டிரால் குறைந்து, அரைகுறை ஸ்டிரால்கள் சவ்வில் சேர்ந்தால் வளர்ச்சி நின்றுவிடும். பூஞ்சை வளர்வதற்கு ஆதாரமே சவ்வுக் கொழுப்புதான்.

பெரம்பூர் லோகோ:
மருந்து பற்றிச் சொன்னது சரி. கடைசி வரி சரியில்லை. பூஞ்சை இழை நுனியில்தான் நீள்கிறது. உள்ளே இருக்கும் நீரழுத்தத்தைத் தாங்குவது கைட்டின், குளுக்கான் என்ற சர்க்கரைச் சங்கிலிகள் சேர்ந்த செல்சுவர். சுவரைக் கரைத்துவிட்டுச் சாதாரணத் தண்ணீரில் போடுங்கள், வெடித்துவிடும். சவ்வு நமக்கும் உண்டு, சுவர் நமக்கு இல்லை. அடிக்கிறதென்றால் அங்கேதான் அடிக்க வேண்டும். காஸ்போஃபங்கின் என்ற பூஞ்சை மருந்து அதைத்தான் செய்கிறது.

ராயபுரம் ரெட்டைச்சுழி:
நான் நுண்ணுயிரியல் படிக்கிறேன். லோகோ சார், அந்தச் சுவரைக் கட்டுவது யார்? குளுக்கான் செய்யும் நொதியும் கைட்டின் செய்யும் நொதியும் சவ்வில் பதிந்து கிடப்பவை. சுவருக்கான சரக்கு சின்னச் சின்ன சவ்வுப் பைகளில் நுனிக்கு வருகிறது. எந்த பெர்த்தில் கப்பலைக் கட்டுவது என்று துறைமுகத்தில் முடிவு செய்வதுபோல, பை எங்கே இறங்க வேண்டும் என்பதில் சவ்வின் கொழுப்புக்குப் பங்கு உண்டு. பாஸ்பாடிடைல்செரின் என்ற கொழுப்பைச் செய்ய முடியாத ஈஸ்ட்டில், திசையைத் தீர்மானிக்கும் சிடிசி42 புரதம் ஒரு பக்கமாகச் சரியாகத் திரள்வதில்லை. காண்டிடா என்ற பூஞ்சையின் இழை நுனியில் ஸ்டிரால் அதிகமாகச் சேர்ந்திருப்பதையும் ஃபிலிபின் சாயம் போட்டுப் பார்த்திருக்கிறார்கள்.

பெரம்பூர் லோகோ:
ஃபிலிபினே ஸ்டிராலைப் பிடித்துச் சவ்வைக் குலைக்கிற பொருள் தம்பி. அதை வைத்து இயல்பான சவ்வு இப்படித்தான் இருக்கும் என்று அடித்துச் சொல்ல முடியாது. இன்னொன்று, நிமோசிஸ்டிஸும் பூஞ்சைதான். எர்கோஸ்டிரால் இல்லாமல் வாழ்கிறதே?

ராயபுரம் ரெட்டைச்சுழி:
வாழ்கிறது, மனிதனின் கொலஸ்டிராலை எடுத்துக்கொண்டு! ஸ்டிராலே வேண்டாம் என்று அது விட்டுவிடவில்லையே. ஈஸ்ட்டைப் பாருங்கள். ஆக்சிஜன் இல்லாவிட்டால் அதால் எர்கோஸ்டிரால் செய்ய முடியாது. அந்த நிலையில் அது வளர எர்கோஸ்டிராலையும் நிறைவுறாக் கொழுப்பு அமிலத்தையும் வெளியிலிருந்து கொடுக்க வேண்டும். 1950களிலேயே காட்டிய விஷயம் இது. சர்க்கரை எவ்வளவு கொட்டினாலும் அந்த இரண்டும் இல்லாவிட்டால் பெருக்கம் நின்றுவிடும்.

வண்ணை மெடிக்கல்:
2021இல் கரும்பூஞ்சை வந்தபோது ஊரே எந்த ஊசிக்காக அலைந்தது? ஆம்ஃபோடெரிசின் பி. அது எர்கோஸ்டிராலைப் பிடிக்கிற மருந்து. சவ்வில் ஓட்டை போடுகிறது என்றுதான் நாங்கள் படித்தோம். இப்போது, எர்கோஸ்டிராலைச் சவ்விலிருந்து உறிஞ்சி எடுப்பதே முக்கியம் என்கிறார்கள். காஸ்போஃபங்கினை மட்டும் நம்பிக் கரும்பூஞ்சையை யாரும் சமாளிக்கவில்லை.

பெரம்பூர் லோகோ:
அந்த ஊசி சிறுநீரகத்தை என்ன பாடு படுத்தும் என்று உங்களுக்கே தெரியும். எர்கோஸ்டிராலும் கொலஸ்டிராலும் ஒன்றுக்கொன்று ஒத்திருப்பது அதற்கு ஒரு காரணம். கொழுப்பு வழியையே மாற்றி மாற்றி அடித்து என்ன கண்டோம்? டெர்பினாஃபினும் அதே எர்கோஸ்டிரால் வழியில், ஸ்குவாலீன் கட்டத்தில் தடுக்கிற மருந்து. அதற்கு மசியாத ட்ரைக்கோஃபைட்டான் இண்டோட்டினியே என்ற படர்தாமரைப் பூஞ்சை நம் நாட்டில்தான் இவ்வளவு பரவியிருக்கிறது.

ராயபுரம் ரெட்டைச்சுழி:
அங்கே மாறியது ஸ்குவாலீன் நொதி. எர்கோஸ்டிராலின் தேவை மாறவில்லை. காஸ்போஃபங்கினுக்கும் இதே கதைதான், குளுக்கான் நொதியின் மரபணுவில் திரிபு வந்தால் அதற்கும் மசியாது. சுவரை அடித்தால் எதிர்ப்பு வராது என்பதை எங்கே பிடித்தீர்கள்?

எண்ணூர் காற்று:
நடுவில் ஒரு வார்த்தை. எங்கள் வீட்டில் அப்பாவுக்கு அந்தக் காலத்தில் கொடுத்தது கிரிசியோஃபல்வின் மாத்திரை. அது சுவரையும் அடிக்காது, கொழுப்பையும் அடிக்காது. செல் பிரியும்போது வேலை செய்யும் நுண்குழாய்களைக் கெடுக்கும். படர்தாமரை குணமானது. நீங்கள் இருவரும் தொடருங்கள் 😀

பெரம்பூர் லோகோ:
நல்ல பாயிண்ட். மருந்து எங்கே அடிக்கிறது என்பதை வைத்து வளர்ச்சிக்கு எது ஆதாரம் என்று முடிவு செய்ய முடியாது. மெடிக்கல்காரர் முதல் பதிவில் செய்தது அதுதான். சவ்வு வேண்டாம் என்று நான் சொல்லவே இல்லை. இழைக்கு வடிவம் கொடுப்பது சுவர், அதில் மாற மாட்டேன்.

ராயபுரம் ரெட்டைச்சுழி:
வடிவத்தைத் தாங்குவது சுவர், ஒத்துக்கொள்கிறேன். அடுத்த நுனி எந்தப் பக்கம் கிளம்ப வேண்டும் என்பது சுவர் அங்கே வருவதற்கு முன்பே சவ்வில் தொடங்கிவிடுகிறது சார். என் வாதம் அவ்வளவுதான்.

ஏலக்கூடம் (காசிமேடு):
எல்லாம் சரி. சுவர் மருந்துக் களிம்பு கடையில் கிடைக்குமா?

வண்ணை மெடிக்கல்:
கிடைக்காது. காஸ்போஃபங்கின் ஊசி மட்டும்தான், படர்தாமரைக்கு அதைப் போடுவதும் இல்லை. அந்த டியூபைத் தூக்கிப் போடுங்கள். தோல் மருத்துவரிடம் காட்டி, செதில் சுரண்டிப் பரிசோதிக்கச் சொல்லுங்கள். வீட்டில் வேறு யாருக்காவது அரிப்பு இருக்கிறதா என்றும் பாருங்கள், அவர்களையும் கூட்டிப் போகணும். துண்டைப் பொதுவில் பயன்படுத்தாதீர்கள். சிவப்பு மறைந்ததும் மருந்தை நிறுத்தாதீர்கள், எத்தனை வாரம் என்று அவர் சொல்லுவார்.