லடாக்கில் ஆப்ரிகாட் பூக்கும் வாரம் எது? சென்று வந்தவர்கள் உதவுங்கள்

அனைவருக்கும் வணக்கம். இலை துளிர்க்கும் முன்பே கிளை முழுவதும் வெண்மையும் இளஞ்சிவப்புமாக ஆப்ரிகாட் மரங்கள் பூத்து நிற்பதைக் காண, வரும் ஏப்ரலில் 65 வயதான என் அம்மாவை லடாக்கிற்கு அழைத்துச் செல்ல இருக்கிறேன். சிந்து நதியோரத் தாழ்வான ஊர்களில் முதலில் பூத்து, பிறகே உயரமான ஊர்களுக்குப் பூக்காலம் ஏறும் என்பதாலும், பலத்த காற்றடித்தால் இதழ்கள் உதிர்ந்துவிடும் என்பதாலும், எந்த வாரத்திற்குப் பயணச்சீட்டு எடுப்பது என்று முடிவு செய்ய இயலவில்லை. லே நகரமே சுமார் 3,500 மீட்டர் உயரத்தில் இருப்பதால், முதல் இரண்டு நாள்கள் அங்கே ஓய்வெடுப்போம், அதில் மாற்றமில்லை. அதன்பின் லேயைவிடவும் மிக உயரமான கர்துங் லா கணவாயைக் கடந்து, நுப்ரா பகுதியிலுள்ள துர்துக் கிராமம் வரை அம்மாவை அழைத்துச் செல்லலாமா, அல்லது சிந்துப் பள்ளத்தாக்கோடு நிறுத்திக்கொள்வது நல்லதா? முதியவர்களுடன் சென்று வந்தவர்கள், சென்ற தேதியையும் குறிப்பிட்டு எழுதினால் பேருதவியாக இருக்கும்.