ஒரே நேரத்துல 50 பேருக்கு அடிபட்டா எல்லாரையும் ஜிஎச்சுக்கே கொண்டு போலாமா?

ராயபுரம் செல்வம்:
2005 டிசம்பர் 18, சென்னை எம்ஜிஆர் நகர்ல வெள்ள நிவாரண டோக்கனுக்கு விடியறதுக்கு முன்னாடியே கூடின கூட்டத்துல நெரிசலாகி 42 பேர் செத்தாங்க. இன்னொன்னு அப்படி நடந்தா எல்லாரையும் சென்ட்ரல் எதிர்க்க ஜிஎச்சுக்கே கொண்டு போயிடணும்னுதான் நான் சொல்லுவேன். ஸ்கேன், ரத்தம், எலும்பு டாக்டர், மூளை டாக்டர் எல்லாம் ஒரே காம்பவுண்டுல இருக்கு, நாலு எடத்துக்கு பிரிச்சா எங்கயும் முழுசா பாக்க மாட்டாங்க.

கேஷுவல்டி நர்ஸ்:
அங்கதாண்ணே சிக்கலே. மொதல்ல வர்றது மோசமா அடிபட்டவங்க இல்ல, நடக்க முடிஞ்சவங்க. ஆட்டோ புடிச்சு, பைக்ல நடுவுல உக்காந்து கிட்ட இருக்குற ஆஸ்பத்திரிக்கு வந்துடுவாங்க. சிராய்ப்போட 30 பேர் பெட்ல ஏறின பொறவு ஆம்புலன்ஸ்ல ஒருத்தன் வருவான், வயித்துக்குள்ள ரத்தம் கசியுது, சத்தமே இல்லாம வெளுத்துப்போய் கெடப்பான், அவனுக்கு ட்ராலி இருக்காது. அதான் ஸ்பாட்லயே ட்ரையாஜ் பண்ணி, அதாவது யார மொதல்ல பாக்கணும்னு பிரிச்சு, டேக் கட்டணும்: உடனே பாக்க வேண்டியவங்களுக்கு சிவப்பு, கொஞ்சம் காத்திருக்கலாம்னா மஞ்சள், நடக்க முடிஞ்சவங்களுக்கு பச்சை, மூச்சே இல்லன்னா கறுப்பு. பச்சை ஆளுங்கள ஒரு டவுன் பஸ்ல ஏத்தி தள்ளி இருக்குற ஆஸ்பத்திரிக்கு அனுப்பலாம். சிவப்ப ஜிஎச், ஸ்டான்லி, ராயப்பேட்டைன்னு பிரிக்கணும், தீக்காயம்னா கீழ்ப்பாக்கம்.

வேளச்சேரி பாலா:
பிரிக்கறது சரி, வண்டி நகரணுமே? 2024 அக்டோபர் 6 மெரினா ஏர் ஷோ அன்னிக்கு அந்த வெயில்ல ரோடு மொத்தமும் ஜாம், 5 பேர் செத்துட்டாங்க. ஆம்புலன்ஸுக்குன்னு ஒரு பாதைய கூட்டம் சேர்றதுக்கு முன்னாடியே காலியா வெச்சாதான் மத்ததெல்லாம்.

பெரம்பூர் குமார்:
சிஸ்டர், கறுப்பு டேக்கதான் என்னால ஏத்துக்க முடியல. மூச்சு இல்லன்னா தாண்டி போயிடுவீங்களா? எங்கப்பாவ நெஞ்ச அழுத்தி சிபிஆர் பண்ணிதான் புழைக்க வெச்சாங்க.

கேஷுவல்டி நர்ஸ்:
அப்பா ஒருத்தர்தான் அன்னிக்கு, அவரச் சுத்தி நாலு பேர் இருந்திருப்பாங்க. 50 பேர் கெடக்குற எடத்துல நான் ஒருத்தர் நெஞ்ச அழுத்திட்டே இருந்தா, பக்கத்துல தொடையில ரத்தம் பீச்சுறவரு, ஒரு கட்டு போட்டா புழைக்கிறவரு, அவரும் போயிடுவாரு. தாடையத் தூக்கி மூச்சுக்கு வழி பண்ணிப் பாப்போம், அப்பவும் மூச்சு வரலன்னாதான் கறுப்பு. ஆள் பலம் வந்ததும் எல்லாரையும் திரும்பப் பாக்கணும்.

பெரம்பூர் குமார்:
கணக்கு புரியுது. ஆனா கறுப்பு டேக் கட்டினது ஒரு புள்ளைக்குன்னா அதோட அம்மா அங்கயே நிக்குமே, அதுகிட்ட யாரு சொல்றது?

ராயபுரம் செல்வம்:
நானும் அதான் கேக்குறேன். பஸ் விபத்துல எங்க மாமா மாட்டினப்ப அத்தை மூணு ஆஸ்பத்திரி வாசல்ல நின்னுச்சு. ரெண்டாவது எடத்துல அப்படி ஒரு பேரே இல்லன்னுட்டாங்க, அவரு உள்ளதான் இருந்தாரு, நோட்டுல "ஆண், சுமார் 45"னு மட்டும் எழுதி வெச்சிருந்தாங்க. நீங்க பிரிச்சு அனுப்பினா ஒவ்வொரு குடும்பமும் இப்படி அலையும்.

வேளச்சேரி பாலா:
இப்பதான் 108 இருக்கே, அவங்களுக்குத் தெரியாதா?

கேஷுவல்டி நர்ஸ்:
108 வந்ததே 2008லதான், அது பெரிய மாத்தம், ஆனா ஆட்டோல போனவங்க 108 கணக்குல வர மாட்டாங்க. செல்வம் அண்ணே, நீங்க சொல்றது நியாயம், அத்தை பட்டது யாருக்கும் வரக்கூடாது. ஸ்பாட்லயே கையில ஒரு நம்பர் கட்டணும், அதே நம்பர் ஆஸ்பத்திரி நோட்டுல ஏறணும், ஆட்டோல வந்தவருக்கு ஆஸ்பத்திரி கேட்லயே போடணும், எல்லா ஆஸ்பத்திரி லிஸ்டும் ஒரே எடத்துக்கு வரணும். எழுதறதுக்குன்னே ஒரு ஆள், அவரு ஸ்ட்ரெச்சர தொடவே கூடாது.

ராயபுரம் செல்வம்:
அந்த லிஸ்ட் ஒழுங்கா வரும்னா பிரிக்கலாம், ஒத்துக்குறேன். நம்பர மட்டும் பேனாவுல எழுதாதீங்க, எம்ஜிஆர் நகர்ல அன்னிக்கு மழை.