வெள்ளி வீட்டு ஜெபம் – தோட்டப்பாளையம், வேலூர் (வாட்ஸ்அப் குழு)

ரூபி அக்கா (மாலை 6:12): அனைவருக்கும் ஸ்தோத்திரம். நாளை ஜெபம் எங்கள் வீட்டு மாடியில், இரவு 7 மணிக்கு. பாய் இரண்டு குறைகிறது, யாராவது கொண்டு வாருங்கள்.

நவீன் (6:20): அக்கா, தப்பாக நினைக்காதீர்கள், ஒன்று கேட்கிறேன். ராணிப்பேட்டையில் வேலை முடிந்து நான் வந்து சேரவே எட்டாகிவிடுகிறது. அறைக்குள் போய்க் கதவைப் பூட்டி ஜெபி என்று சொன்னதும் இயேசுதானே, மத்தேயு 6-ல்? வீட்டிலேயே ஜெபித்தால் போதாதா?

கிரேஸ் பெரியம்மா (6:27): நல்ல கேள்வி தம்பி. அதே அதிகாரத்தில் மூன்று வசனம் தள்ளிப் படி. ஆறாம் வசனத்தில் கதவைப் பூட்டச் சொன்னவர், ஒன்பதாம் வசனத்தில் ‘எங்கள் பிதாவே’ என்று சொல்லித் தருகிறார். ‘என் பிதாவே’ இல்லை. ஆகாரம் கேட்டாலும் ‘எங்களுக்கு’, மன்னிப்பு கேட்டாலும் ‘எங்களுக்கு’. பூட்டிய அறைக்குள்ளும் நீ மற்றவர்களுக்கும் சேர்த்துத்தான் கேட்கிறாய்.

நவீன் (6:31): சரி பெரியம்மா. ஆனால் தனியாக இருந்தால்தான் மனம் விட்டுப் பேச முடிகிறது. கூட்டத்தில் அடுத்தவர் ஜெபித்து முடிப்பதற்குள் என் நினைப்பு எங்கோ போய்விடுகிறது.

ரூபி அக்கா (6:44): எனக்கும் அப்படித்தான் இருந்தது நவீன். போன வருஷம் உங்கள் அண்ணனுக்கு ஆபரேஷன் நடந்த அன்று வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். ‘ஆண்டவரே’ என்று ஆரம்பிப்பேன், அடுத்த வார்த்தை வராது. ஒரு மணி நேரம் அப்படியே. அப்புறம் ஞானம்மா பாட்டி வந்து என் கையைப் பிடித்துக்கொண்டார். அவர் விரல்களில் கொத்தமல்லி வாசம். சமையலைப் பாதியில் விட்டுவிட்டு ஓடி வந்திருக்கிறார். பின்னாலேயே நம் அக்காமார் நான்கு பேர். மெதுவான குரலில் 23-ம் சங்கீதம் சொன்னார்கள், ஒவ்வொருவராக ஜெபித்தார்கள். நான் ‘ஆமென்’ மட்டும்தான் சொன்னேன். அன்றைக்கு என்னால் முடிந்த ஜெபம் அவ்வளவுதான். மீதியை அவர்கள் எனக்காகச் செய்தார்கள்.

கிரேஸ் பெரியம்மா (6:49): யாத்திராகமம் 17. அமலேக்கியரோடு யுத்தம் நடக்கையில் மோசே உயர்த்திப் பிடித்திருந்த கைகள் அசந்துபோனபோது ஒரு கல்லைக் கொண்டுவந்து அவரை உட்கார வைத்து, ஆரோன் ஒரு பக்கம், ஊர் என்பவர் ஒரு பக்கம் தாங்கிக்கொண்டார்கள். பொழுது சாயும் வரை. மோசேக்கே ஆள் தேவைப்பட்டது தம்பி.

சாமுவேல் அண்ணன் (6:58): லாட்ஜில் தங்கியிருந்த அந்த மிசோரம் அம்மா நினைவிருக்கிறதா? மகன் சிகிச்சைக்காக வந்திருந்தார். தமிழில் ஒரு வார்த்தை தெரியாது. நம் கூட்டத்தில் முழங்கால் போட்டு மிசோ மொழியில் ஜெபித்தார். ‘இசுவா’, அதாவது இயேசு, என்ற பெயர் மட்டும் நமக்குப் புரிந்தது. கடைசியில் அவரும் நாமும் சேர்ந்து ‘ஆமென்’ சொன்னோம். எழுந்து ஒவ்வொரு பெண்ணையும் கட்டிக்கொண்டார். அறைக்குள்ளேயே இருந்திருந்தால் அந்தத் தாய் இந்த ஊரில் தனியாகத்தானே அழுதிருப்பார்?

பிரியா (7:03): அக்கா, பக்கத்து வீட்டு ஆன்டி ஆர்.சி. (ரோமன் கத்தோலிக்கர்). நாளைக்கு வரலாமா என்று கேட்கிறார்கள்.

டேவிட் தாத்தா (7:10): கட்டாயம் வரட்டும் அம்மா. அமெரிக்க மிஷனரிகள் 1853-ல் தொடங்கிய ஆற்காடு மிஷன் வழி வந்தவர்கள் நாம். 1947 செப்டம்பர் 27 அன்று சென்னை புனித ஜார்ஜ் பேராலயத்தில் ஆங்கிலிக்கன், மெதடிஸ்ட், தென்னிந்திய ஐக்கிய சபை எல்லாம் ஒன்றாகித் தென்னிந்தியத் திருச்சபை ஆனது. அதுவரை ஆளுக்கொரு முறையில் ஆராதித்தவர்கள்தான். ஆன்டி ‘விண்ணுலகில் இருக்கிற எங்கள் தந்தையே’ என்று சொல்லட்டும், நாம் ‘பரமண்டலங்களிலிருக்கிற எங்கள் பிதாவே’ என்போம். ‘எங்கள்’ இரண்டிலும் இருக்கிறது.

நவீன் (7:16): அக்கா, எட்டு மணிக்கு மேல் வந்தால் பரவாயில்லையா?

ரூபி அக்கா (7:18): பாட்டும் வசனமும் முடிந்திருக்கும். விண்ணப்ப ஜெபம் நடந்துகொண்டிருக்கும். வா.

ஞானம்மா பாட்டி (7:25): பேத்தியை டைப் பண்ணச் சொல்கிறேன். நவீன் கண்ணு, நீ வந்து உட்கார்ந்த பிறகுதான் பரமண்டல ஜெபம் சொல்வோம். அவசரப்பட்டு வண்டியை வேகமாக ஓட்டாதே.

நவீன் (7:26): சரி பாட்டி. வருகிறேன்.

ரூபி அக்கா (7:27): மாடிப்படி லைட் எரியவில்லை தம்பி. போன் டார்ச்சைப் போட்டுக்கொண்டு ஏறு.