ஊருணியை ஆழப்படுத்துவதற்கு முன்னால் வரத்துக்காலைப் பார்ப்போம்

ஊர்ச் சொந்தங்கள் எல்லோருக்கும் வணக்கம்.

ஊருணியை இன்னும் ஆறடி ஆழப்படுத்தலாம் என்று சிங்கப்பூர் மாமா எழுதியிருந்தார். மாமா கோபித்துக்கொள்ளக் கூடாது; ஊர்த் தண்ணீருக்காக நாம் திரட்டிய பணத்தை அப்படியே பொக்லைனுக்குக் கொடுப்பதில் எனக்குச் சம்மதமில்லை.

நம் ராமநாதபுரம் பக்கத்து ஊருணிகளில் தண்ணீரைத் தாங்கி நிற்பதே அடியிலுள்ள களிமண்தான். அதைக் கிழித்துவிட்டால் நல்ல தண்ணீர் கீழே போய்விடும், உவர்த் தண்ணீர் ஊறி மேலே வரும். சவட்டு மண்ணை விற்கிற ஆசையில் ஆழம் தோண்டுகிறவர்களுக்கு இந்தக் கவலையெல்லாம் கிடையாது. வண்டலை மட்டும் அள்ளினால் போதும்.

அப்புறம் ஒரு கணக்கு. ஊருணி சுமார் 60க்கு 60 மீட்டர், ஆழம் 2 மீட்டர் என்றால் 72 லட்சம் லிட்டர் பிடிக்கும். வருஷத்துக்கு 800 மில்லிமீட்டர் மழை பெய்தாலும் அதற்குள் நேராக விழுவது 29 லட்சம் லிட்டர்தான். மீதி, ஊருணிக்குத் தண்ணீர் கொண்டுவரும் வரத்துக்கால் வழியாகத்தான் வர வேண்டும். அந்தக் கால்வாயோ சீமைக்கருவேலம் மண்டிக் கிடக்கிறது. வெட்டிவிட்டால் மறுபடி துளிர்க்கும். தூரோடு பிடுங்க வேண்டும். கரிமூட்டம் போடுகிறவர்கள் விறகுக்காகவே வெட்டிக்கொள்வார்கள், வெட்டுக்கூலி மிச்சம். இயந்திரச் செலவு தூரைப் பிடுங்குவதற்கு மட்டும்தான்.

இது ஊருணிக்கு. காலனிக்காரர்கள் நிலைமை வேறு. நாலு சக்கரத் தள்ளுவண்டியில் ஏழெட்டுக் குடங்களை அடுக்கி, பெண்கள் வெயிலில் தள்ளிக்கொண்டு வருகிறார்கள். இல்லாவிட்டால் டிராக்டர் தண்ணீரைக் குடக்கணக்கில் காசு கொடுத்து வாங்குகிறார்கள். கையில் காசு குறைவாக உள்ளவர்கள்தான் தண்ணீருக்கு அதிகம் செலவழிக்கிறார்கள்.

2003-இல் எல்லாக் கட்டடங்களுக்கும் மழைநீர்ச் சேகரிப்பைக் கட்டாயமாக்கினார்களே, அப்போது நம்மூரிலும் குழாய் மாட்டி மண்ணுக்குள் விட்டோம். சென்னைக்கு அது சரி. நிலத்தடி உப்பாக இருக்கிற நமக்கு, நல்ல மழைத்தண்ணீரை உப்போடு கலந்ததுதான் மிச்சம். நாம் தேக்கித்தான் வைக்க வேண்டும்.

அதே 2003-இல் பிரேசிலின் வறண்ட வடகிழக்கில், வீட்டுக்கு ஒரு தொட்டி என்று ஒரு திட்டம் தொடங்கியது. கூரைத் தண்ணீரைப் பிடிக்கும் சிமெண்டுத் தொட்டி, 16,000 லிட்டர். ஐந்து பேர் உள்ள குடும்பத்துக்கு மழையில்லாத எட்டு மாதம் குடிக்கவும் சமைக்கவும் போதும். உள்ளூர்க்காரர்களுக்கே கொத்து வேலை பழக்கிக் கட்டினார்கள். இன்று பத்து லட்சத்துக்கும் மேல் நிற்கின்றன. காலனியில் உள்ளவை தொகுப்பு வீடுகள், தளம் 300 சதுர அடி இருந்தாலும், சேதாரம் போக வருஷத்துக்கு 17,000 லிட்டருக்குக் குறையாமல் கிடைக்கும். முதல் மழையை வெளியே திருப்பிவிட வேண்டும். தொட்டிக்கு வெளிச்சமோ கொசுவோ புகாத மூடியும், வாளி விடாமல் எடுக்க ஒரு கைப்பம்பும் வேண்டும். இவை இல்லாமல் கட்டுவதென்றால் கட்டவே வேண்டாம்.

என் யோசனை இதுதான்: பாதிப் பணம் வரத்துக்காலுக்கு, பாதி காலனித் தொட்டிகளுக்கு. எந்த வீட்டுக்கு முதலில் என்பதைக் காலனிக்காரர்களே உட்கார்ந்து முடிவு செய்யட்டும், நாம் இங்கிருந்து பட்டியல் போட வேண்டாம்.

வரத்துக்கால் புறம்போக்கு என்பதால் பஞ்சாயத்துத் தீர்மானமும் சர்வேயர் அளவும் இல்லாமல் கை வைக்க முடியாது. ஊரில் இருக்கும் தம்பிகள் யாராவது புலப்பட (நில அளவை வரைபடம்) நகலுக்கு இந்த வாரமே மனு கொடுங்கள். ஐப்பசி மழைக்கு முன் கால்வாய் திறந்திருக்க வேண்டும். மாமா, உங்கள் பதிலைப் பார்த்துவிட்டுப் பொருளாளருக்குச் சொல்கிறேன்.