உறைந்த ஸன்ஸ்கார் ஆற்றில் நடந்தவர்கள் எழுதுகிறோம்

மூன்றாம் ஆண்டு மாணவி, கோவை

இந்த நடைப்பயணம் வழக்கமாகப் போய் முடிகிற நேராக் அருவி வரை நாங்கள் போகவில்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் எல்லோரும் கேட்கிற முதல் கேள்வி அதுதான். பாதி வழியில் திரும்பினோம். அன்றைக்கு அழாத குறை. இப்போது அந்த வருத்தம் துளியும் இல்லை. ஏன் என்று எழுதுகிறேன், கூட வந்தவர்கள் நான் விட்டதைச் சேர்த்துவிடுங்கள்.

எங்கள் கல்லூரி மலையேற்றக் குழு போனது லடாக்கின் சாதர் பயணத்துக்கு. ஜனவரி நடுவிலிருந்து பிப்ரவரி வரை ஸன்ஸ்கார் ஆறு உறைந்து கிடக்கும்போது அதன் மேலேயே நடப்பதுதான் சாதர். இந்த ஆறு நிம்மு என்ற ஊர்ப் பக்கம் சிந்துவில் கலக்கிறது. அதற்கு மேலே போகப் போக இரண்டு பக்கமும் செங்குத்தான பாறைச் சுவர், நடுவில் ஆறு, அவ்வளவுதான். குளிர்காலத்தில் பென்சி லா கணவாய் பனியில் மூடிவிடுவதால் ஸன்ஸ்கார் பள்ளத்தாக்கு மக்கள் வெளியே வர இந்த உறைந்த ஆறுதான் வழியாக இருந்தது. வெண்ணெய் மூட்டையை முதுகில் கட்டிக்கொண்டு லடாக்கின் பெரிய ஊரான லேயின் சந்தைக்கு வந்ததும் இதில்தான், பிள்ளைகளை லே பள்ளிக்கூடத்தில் கொண்டுவந்து விட்டதும் இதில்தான். நாங்கள் சாகசம் என்று பெயர் வைத்துக்கொண்டு போனது அவர்களுடைய பழைய பொதுவழியில்.

எங்களுக்குச் சுமை தூக்கியவர்களும் வழிகாட்டியும் அந்தப் பக்கத்து ஊர்க்காரர்கள். எல்லோரையும் ஆச்சோ என்றுதான் கூப்பிட்டோம், அண்ணன் என்கிற மரியாதையில். முன்னால் போன ஆச்சோவின் கையில் ஒரு தடி இருக்கும். நாலடிக்கு ஒரு தட்டு. 'டொக்' என்று கெட்டியாகக் கேட்டால் நடப்பார். 'டொம்' என்று அடியில் காலியாகக் கேட்டால் நின்று, கையை மட்டும் பின்னால் நீட்டுவார். மொத்த வரிசையும் நிற்க வேண்டும். அப்புறம் ஓரமாக, பாறையை ஒட்டி, வேறு வழி பார்ப்பார்.

ஐஸ் எல்லா இடத்திலும் ஒரே மாதிரி இல்லை. சில இடத்தில் அடியில் ஓடுகிற பச்சைத் தண்ணீரும் கூழாங்கல்லும் தெரிகிற அளவுக்குத் தெளிவு. பார்க்கத்தான் பயம், அது பெரும்பாலும் உறுதியாக இருந்தது. மேலே பனி பொழிந்து வெள்ளையாகக் கிடக்கிற இடம் நடக்கச் சுகம், வழுக்காது. ஆனால் ஆச்சோ அங்கேதான் அதிகம் தட்டினார். பனி மூடிய ஐஸுக்கு மேலேயிருந்து குளிர் இறங்காது, அதனால் ஐஸ் தடிக்காது, விரிசல் இருந்தாலும் தெரியாது. "காலைத் தூக்காதே, பென்குயின் மாதிரி இழுத்து இழுத்து நட" என்று ஹிந்தியில் சொல்லிக்கொண்டே வருவார். தூக்கி வைத்தவர்கள் எல்லாம் விழுந்தார்கள்.

ஓர் இடத்தில் என் தோழியின் கால் ஓரத்து ஐஸை உடைத்துக்கொண்டு முழங்கால் வரை தண்ணீருக்குள் போய்விட்டது. நாங்கள் பேச்சு மூச்சில்லாமல் நின்றோம். பின்னால் சாமான் சறுக்குவண்டியை இழுத்து வந்த ஆச்சோ அதன் கயிற்றை அப்படியே போட்டுவிட்டு வந்து அவளை இழுத்தார். உட்கார வைத்து, கம்பூட்ஸைக் (ரப்பர் பூட்ஸ்) கவிழ்த்துத் தண்ணீரைக் கொட்டி, நனைந்த காலுறைகளை உரித்தார். கால் விரல்கள் வெளுத்துப் போயிருந்தன. தேய்க்கவில்லை, நெருப்பும் மூட்டவில்லை. தன் நீள அங்கியை விலக்கி அவளுடைய பாதத்தை வயிற்றோடு வைத்து மூடிக்கொண்டார். அவள் கூச்சப்பட்டுக் காலை இழுத்தபோது, பேசாமல் இரு என்று தலையை மட்டும் ஆட்டினார். விரல்களில் நிறம் திரும்பிய பிறகு தன் பையிலிருந்து கம்பளிக் காலுறை எடுத்துப் போட்டுவிட்டு, நட, நிற்காதே என்றார். சறுக்குவண்டியை எடுக்கப் போய்விட்டார். அவரைப் பற்றி என்ன எழுதினாலும் எனக்குக் குறைவாகத்தான் படுகிறது.

அப்புறம் ஒரு பறவை. உள்ளங்கையில் அடங்குகிற பழுப்புக் குருவி, மார்பு வெள்ளை. ஐஸ் விளிம்பில் நின்று தலையை ஆட்டியது, ஓடுகிற தண்ணீருக்குள் குபுக்கென்று முங்கியது, கொஞ்ச தூரம் தள்ளி வெளியே வந்து சிறகை உதறியது. மறுபடி முங்கியது. அந்தத் தண்ணீரில்! சாப்பாட்டுத் தட்டைக் கையில் பிடித்தபடி அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். தட்டிலிருந்த சோறு விறைத்துவிட்டது.

உடன் சென்ற ஆசிரியர்

திரும்பிய முடிவைப் பற்றி நான்தான் எழுத வேண்டும்.

நேராக் போகும் வழியில் இருக்கிற டிப் குகைக்கு முந்தைய முகாமில் இருந்தோம். சாயங்காலம் மேகம் வந்து மூடியது. பிள்ளைகளுக்கு மகிழ்ச்சி, குளிர் குறைந்துவிட்டது என்று. அதுவரை இரவில் மைனஸ் 25 டிகிரி வரை பார்த்தவர்களுக்கு அப்படித்தான் தோன்றும். வழிகாட்டி மட்டும் வானத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தார். வானம் தெளிவாக இருந்தால் பூமியின் வெப்பம் இரவில் மேலே போய்விடும், ஆறு இறுகும். மேகம் இருந்தால் வெப்பம் தங்கிவிடும், ஐஸ் பிடிக்காது, ஏற்கெனவே பிடித்திருப்பதும் இளகும். காலையில் அவர் தனியாக ஒரு வளைவு தாண்டிப் போய்ப் பார்த்துவிட்டு வந்து, அங்கே ஐஸுக்கு மேல் தண்ணீர் ஓடுகிறது, இன்றைக்குத் திரும்புகிறோம் என்றார்.

மாணவர்கள் ஒப்புக்கொள்ளவில்லை. பாறை மேல் ஏறிச் சுற்றிப் போகலாமே என்றார்கள். உள்ளூர்க்காரர்கள் அப்படிப் போவது உண்மைதான். கம்பூட்ஸ் போட்டுக்கொண்டு முதல் முறையாகப் பனியைப் பார்க்கிற பத்தொன்பது வயதுப் பிள்ளைகளை அந்தப் பாறையில் ஏற்ற எனக்கு மனம் வரவில்லை. "சார், இவ்வளவு செலவு பண்ணி வந்திருக்கிறோம்" என்று ஒருவன் சொன்னான். அவன் அப்பா எவ்வளவு சிரமப்பட்டுப் பணம் கட்டினார் என்று எனக்குத் தெரியும், அதனால் அந்த வார்த்தை சுருக்கென்று பட்டது. ஆனாலும் திரும்பினோம். வரும் வழியில், முந்தின நாள் நாங்கள் நடந்து போன ஓர் இடத்தில் ஐஸ் இல்லை. வெறும் ஆறு ஓடிக்கொண்டிருந்தது. ஒருவர் பின் ஒருவராகப் பாறை விளிம்பைப் பிடித்துக் கடந்தோம். அதற்குப் பிறகு யாரும் நேராக் பேச்சை எடுக்கவில்லை.

மாணவர்களை அழைத்துப் போகிற ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். திரும்புவதற்கான அதிகாரம் வழிகாட்டியிடம்தான் என்று ஊரில் கிளம்பும் முன்பே பெற்றோரிடமும் பிள்ளைகளிடமும் சொல்லிவிடுங்கள். ஐஸ் மேல் நின்றுகொண்டு ஓட்டெடுப்பு நடத்த முடியாது.

அதே குழுவில் வந்த மருத்துவ மாணவர்

எல்லோரும் குளிரைப் பற்றியே கேட்கிறீர்கள், உயரத்தைப் பற்றிக் கேளுங்கள். லே நகரமே சுமார் 3,500 மீட்டர். கடல் மட்டத்தில் கிடைக்கிற ஆக்சிஜனில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்குதான் அங்கே. டெல்லியிலிருந்து காலை விமானத்தில் ஒன்றரை மணி நேரத்தில் போய் இறங்குகிறோம், உடம்புக்குப் பழக நேரமே கிடைப்பதில்லை. விடுதி மாடிப்படி ஏறுவதற்குள் எனக்கு மூச்சு வாங்கியது.

மற்ற மலையேற்றங்களில் தலைவலி, குமட்டல் வந்தால் கீழே இறங்கு என்று சொல்லிவிடலாம். சாதரில் அது நடக்காது. ஆற்றுப் பாதை கிட்டத்தட்ட சமமட்டம், இறங்குவதற்கு இடம் இல்லை. அதனால்தான் லேயில் சில நாள் தங்க வைத்து, ரத்த அழுத்தமும் ஆக்சிஜன் அளவும் பார்த்து, தேறியவர்களை மட்டும் அனுப்புகிறார்கள். எங்களில் ஒருவனுக்கு ஆக்சிஜன் அளவு ஏறவே இல்லை. அவன் லேயிலேயே தங்கிவிட்டான். மாத்திரை போட்டு, மூச்சை இழுத்துப் பிடித்து எப்படியாவது தேறிவிடலாம் என்று யோசனை சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். தயவுசெய்து கேட்காதீர்கள். உட்கார்ந்திருக்கும்போதே மூச்சுத் திணறல், விடாத இருமல் என்றால் நுரையீரலில் நீர் கோப்பதாக இருக்கலாம். பள்ளத்தாக்குக்குள் வைத்து அதைச் சமாளிக்க முடியாது.

குழுவின் இன்னொரு மாணவி

என்னென்ன சாமான் எடுத்துப் போக வேண்டும் என்று கேட்டவர்களுக்கு இது. உள்ளாடை முதல் பருத்தி வேண்டவே வேண்டாம், வியர்வையைப் பிடித்துக்கொண்டு காயாது, நின்றதும் நடுங்க ஆரம்பித்துவிடும். தண்ணீர் பாட்டிலைத் தலைகீழாக வையுங்கள், மேல்பக்கம்தான் முதலில் உறையும், மூடிப் பக்கம் குடிக்கக் கிடைக்கும். போனும் பவர் பேங்கும் இரவில் ஸ்லீப்பிங் பேக்குக்குள் இருக்கட்டும், வெளியே வைத்தால் காலையில் சார்ஜ் இருக்காது. சைவச் சாப்பாட்டுக்குப் பிரச்சினை இல்லை. சோறு, பருப்பு, தூக்பா என்கிற நூடுல்ஸ் சூப், மேகி எல்லாம் சூடாகக் கிடைத்தன. உப்புப் போட்ட வெண்ணெய்த் தேநீர் முதல் வாய் கஷ்டம், இரண்டாம் நாளிலிருந்து நானே கேட்டு வாங்கினேன்.

போக வேண்டும் என்றால் தள்ளிப் போடாதீர்கள். ஸன்ஸ்காருக்குள் போகிற நிம்மு–பதும்–தார்ச்சா சாலை 2024 மார்ச்சில் இணைந்துவிட்டது. ஆச்சோக்களுக்கு அதில் மகிழ்ச்சி, பிரசவத்துக்கும் வைத்தியத்துக்கும் ஐஸை நம்ப வேண்டாம் என்று. எனக்கும் மகிழ்ச்சிதான். ஆனால் தடியால் தட்டி ஐஸின் கனம் சொல்கிறவர்களிடம் அதைக் கேட்டுத் தெரிந்துகொள்ள இதுதான் நேரம் என்று தோன்றுகிறது. கம்பளிக் காலுறையை இங்கே வாங்கிப் போகாதீர்கள், லே கடைத்தெருவில் அந்த ஊர்ப் பெண்கள் பின்னி விற்பதை வாங்குங்கள். இரண்டு ஜோடி கூடுதலாக.