சம்பளத்தைக் குறைச்சுக்கிட்டு ஸ்டார்ட்அப்புக்குப் போறதா, இல்ல இருக்கிற வேலையில இருந்துக்கிட்டே பணத்தை மட்டும் போடுறதா?

ஓஎம்ஆர்_வாசி
எல்லாருக்கும் வணக்கம். வயசு 35, பெரிய சர்வீஸ் கம்பெனில டெக் லீடு, சிடிசி (வருஷத்து மொத்தச் சம்பளம்) 32 லட்சம். காலேஜ் சீனியர் ஒருத்தர் லாரி ஓனர்களுக்கு சாஃப்ட்வேர் பண்ற கம்பெனி ஆரம்பிச்சு ரெண்டு வருஷமா ஓட்டுறார், ஆபீஸ் பெருங்குடியில, மொத்தம் 15 பேர், கஸ்டமர் பாதிக்கு மேல நாமக்கல் சங்ககிரி பக்கம். என்னை வரச் சொல்றார். 24 லட்சம் சம்பளம், 0.4 சதவீதம் ஈசாப் (கம்பெனி ஷேரை முன்னாடியே முடிவு பண்ண விலைல வாங்குற உரிமை), நாலு வருஷ வெஸ்டிங் (அது கொஞ்சம் கொஞ்சமா நமக்குச் சொந்தமாகுறது), முதல் வருஷம் கிளிஃப் (அது முடியிறவரை ஒண்ணும் கிடையாது). இதுல இன்னொன்னு, இப்ப 20 கோடி வேல்யுவேஷன்ல (கம்பெனியோட மொத்த மதிப்பு) முதலீட்டுப் பணம் எடுக்கிறாங்களாம், அதுல நானும் ஒரு 10 லட்சம் போடணும்னு கேக்குறார். வேளச்சேரியில ஃபிளாட் இருக்கு, இஎம்ஐ 48 ஆயிரம், பொண்ணு யூகேஜி, ஃபிக்சட் டெபாசிட் 14 லட்சம். ரெண்டையும் பண்ணலாமா, ஒண்ணு மட்டும் பண்ணலாமா, எதுவும் வேணாமா?

துணிஞ்சவன்
போங்க ப்ரோ. 35 வயசுல போகலேன்னா 45ல எவனும் கூப்பிட மாட்டான். பெரிய கம்பெனி சேஃப்னு இன்னும் யாராவது நம்பினா 2025 ஜூலைல டிசிஎஸ் சொன்னதை எடுத்துப் படிங்க, கிட்டத்தட்ட 12 ஆயிரம் பேரு, அதுவும் பெரும்பாலும் மிடில், சீனியர் லெவல், அதாவது நீங்க இன்னும் அஞ்சு வருஷத்துல உக்காரப் போற அதே நாற்காலி. ஃபிரெஷ்வொர்க்ஸ் 2010ல நம்ம சென்னைல ஆரம்பிச்சது, 2021 செப்டம்பர்ல நாஸ்டாக்ல லிஸ்ட் ஆனப்ப 500 பேருக்கு மேல கோடீஸ்வரன் ஆனாங்கன்னு அதோட ஃபவுண்டர் கிரிஷே சொன்னார். அவங்களும் ஒரு நாள் சின்ன கம்பெனிக்குப் போறியான்னு வீட்ல திட்டு வாங்கினவங்கதான்.

கணக்கர்_பாலு
வந்துட்டாருய்யா ஃபிரெஷ்வொர்க்ஸைத் தூக்கிக்கிட்டு. அதே 2010ல இதே ஊர்ல ஆரம்பிச்சு மூடின கம்பெனி பேரு நாலு சொல்லுங்க பாப்போம், வராது, ஏன்னா அதுக்கெல்லாம் பேப்பர்ல போட்டோ போடல.

ஓஎம்ஆர் தம்பி, கனவை விடுங்க, ஆஃபர் லெட்டரை மட்டும் பாக்கலாம். 20 கோடியில 0.4 சதவீதம்னா 8 லட்சம். அதுவும் நாலு வருஷத்துக்கு, அப்ப வருஷத்துக்கு 2 லட்சம். இதுக்கு நீங்க விடுறது வருஷம் 8 லட்சம், நாலு வருஷத்துல 32 லட்சம். கம்பெனி அதுக்குள்ள இன்னும் ரெண்டு ரவுண்டு முதலீடு எடுக்காம இருக்காது, ஒவ்வொண்ணுக்கும் 20 சதவீதம் டைல்யூஷன்னு (புது ஷேர் வர்றதால பழைய பங்கு சுருங்குறது) வச்சா உங்க 0.4, 0.256 ஆயிடும். விட்ட 32 லட்சத்தைத் திரும்பப் பாக்கவே கம்பெனி 125 கோடிக்கு விக்கணும். லாபம் இல்ல, போட்டது வர்றதுக்கு மட்டும்.

துணிஞ்சவன்
பாலு சார் கணக்குல வரியே இல்லையே. 24 லட்சத்துக்கு மேல புது வரி ரெஜிம்ல 30 சதவீதம், செஸ்ஸும் சேர்த்தா அந்த 8 லட்சத்துல இரண்டரை லட்சம் அரசாங்கத்துக்குத்தான் போகுது. உண்மையில கைக்கு வராம போறது அஞ்சரை லட்சம்.

கணக்கர்_பாலு
சரி, அஞ்சரையே வச்சுக்கோங்க, மாசம் 46 ஆயிரம், அவரோட இஎம்ஐ அளவுக்கு வருது. ஈசாப்புக்கு மட்டும் வரி இல்லையா என்ன? எக்ஸர்சைஸ் பண்ற, அதாவது ஆப்ஷனைப் பணம் கட்டி ஷேரா மாத்துற அன்னிக்கே அன்னிய மதிப்புக்கும் எக்ஸர்சைஸ் விலைக்கும் உள்ள வித்தியாசம் சம்பளமாத்தான் பாக்கப்படும், ஷேரை வித்திருந்தாலும் விக்காட்டியும். கைல காசு வராம பேப்பருக்கு வரி கட்டணும். ஸ்டார்ட்அப்புக்கு இதைத் தள்ளி வைக்கலாம்னு 2020 பட்ஜெட்ல ஒரு சலுகை வந்துச்சு, ஆனா டிபிஐஐடி (மத்திய அரசோட தொழில் துறை) அங்கீகாரம் மட்டும் இருந்தா போதாது, 80-ஐஏசிக்கு (ஸ்டார்ட்அப் லாபத்துக்கான வரி விலக்கு) இன்டர் மினிஸ்டீரியல் போர்டு சர்டிஃபிகேட்டும் வேணும். பாதி ஃபவுண்டர்களுக்கு இந்த வித்தியாசமே தெரியாது, "நாங்க ஸ்டார்ட்அப் இந்தியால இருக்கோம்"னு முடிச்சிடுவாங்க.

பழைய_பங்கு
நான் பத்து வருஷத்துக்கு மேல சின்னச் சின்னதா ஏஞ்சல் பணம் (ஆரம்ப நிலை கம்பெனில தனி ஆள் போடுற முதலீடு) போடுறவன், ரெண்டு பக்கமும் உக்காந்து பாத்திருக்கேன், அதனால பாலு சாரோட ஒரு விஷயத்துல ஒத்துப் போறேன், இன்னொண்ணுல சண்டை.

ஒத்துப் போறது இது. 10 லட்சம் காசா போட்டா 20 கோடில 0.5 சதவீதம், அதுவும் சிசிபிஎஸ் (பின்னாடி சாதா ஷேரா மாறுற முன்னுரிமைப் பங்கு), ஒன் எக்ஸ் பிரிஃபரன்ஸோட (போட்ட அளவுக்கு முதல்ல எடுத்துக்கிற உரிமை). நாலு வருஷத்துல 32 லட்சம் சம்பளத்தை விட்டா 0.4, அதுவும் சாதா ஷேருக்கான ஆப்ஷன். ஒரே கம்பெனி, ஒரே ரிஸ்க், ஆனா வேலைக்குப் போறவன் மூணு மடங்குக்கு மேல குடுத்து கம்மியா வாங்குறான். பிரிஃபரன்ஸ்னா என்னன்னு தெரியாதவங்களுக்கு: விக்கிறப்ப முதல் பந்தி முதலீட்டாளருக்கு, ஊழியர் கடைசிப் பந்தி, பாயசம் மிஞ்சினாத்தான். நம்பர் போட்டுச் சொல்றேன். கம்பெனி மொத்தம் 40 கோடி எடுத்து, முதலீட்டாளர் கையில 45 சதவீதம் இருந்து, 60 கோடிக்கு விலை போகுதுன்னு வைங்க. 45 சதவீதம்னா 27 கோடிதான், அதனால அவங்க ஷேரா மாத்தாம 40 கோடியை அப்படியே எடுத்துப்பாங்க. மிச்சம் 20 கோடி மத்த 55 சதவீதக்காரங்களுக்கு. உங்க 0.256க்கு 15 லட்சம்னு மனசுல நினைச்சிருப்பீங்க, கைக்கு வர்றது சுமார் 9 லட்சம். "60 கோடிக்கு வித்துட்டோம்"னு லிங்க்ட்இன்ல எல்லாரும் கை தட்டுவாங்க.

சண்டை எங்கேன்னா, பாலு சார் சம்பளத்தை மட்டும்தான் வருமானமா பாக்குறாரு. அங்க ரெண்டு வருஷம் முழு ப்ராடக்டையும் தோள்ல சுமந்தவனுக்கு, கம்பெனி மூடினாலும் அடுத்த இடத்துல கிடைக்கிற சம்பளம் இருக்கே, அது எந்த எக்ஸல்லயும் வராது. போட்ட பணம் போனா போனதுதான், கத்துக்கிட்டது போகாது. அதனால என் ஓட்டு: வேலைக்குப் போங்க, ஆனா பேரம் பேசி 28 லட்சத்துக்கு. 10 லட்சம் போடவே போடாதீங்க.

ஓஎம்ஆர்_வாசி
சார், நீங்க சொன்னதை வச்சுப் பாத்தா பணம் போடுறதுதானே லாபமா தெரியுது, 0.5 பிரிஃபரன்ஸோட? அப்புறம் ஏன் போடாதீங்கன்னு சொல்றீங்க?

பழைய_பங்கு
விலை நல்ல விலைதான், வாங்குற ஆள்தான் தப்பு. ஏஞ்சல் பணம் ஒரு கம்பெனில போடுற பணம் இல்ல. அமெரிக்காவுல 2007ல வில்ட்பேங்க், போக்கர்னு ரெண்டு பேரு ஏஞ்சல் குரூப் ஆளுங்களோட 1,137 எக்ஸிட்டை (லாபமோ நஷ்டமோ முடிவுக்கு வந்த முதலீடு) எடுத்துப் பாத்தாங்க. 52 சதவீதம் போட்ட பணத்தை விடக் கம்மியாத்தான் வந்திருக்கு. பத்து மடங்குக்கு மேல வந்தது வெறும் 7 சதவீதம், மொத்தமா வந்த பணத்துல 75 சதவீதம் அந்த 7 சதவீதத்துல இருந்துதான். சராசரியா பாத்தா மூணரை வருஷத்துல 2.6 மடங்கு, கேக்க ஜம்முனு இருக்கும். ஆனா அந்தச் சராசரி நிறைய கம்பெனில பரப்பிப் போட்டவனுக்கு. ஒண்ணே ஒண்ணுல போட்டவனுக்குப் பாதிக்கு மேல சான்ஸ் நஷ்டம். நீங்க அங்க வேலையும் பாத்து பணமும் போட்டா, கம்பெனி படுத்தா சம்பளம், ஈசாப், 10 லட்சம் மூணும் ஒரே வாரத்துல படுக்கும். எஃப்டியில 4 லட்சம்தான் மிச்சம், இஎம்ஐயோட சேர்த்தா எத்தனை மாசம் தாங்கும்?

துணிஞ்சவன்
இப்படி எல்லாரும் கணக்குப் பாத்திருந்தா இந்த நாட்ல ஒரு கம்பெனியும் வந்திருக்காது. அந்த சீனியர் கேக்குறதுல என்ன தப்பு? நம்பி வர்றவன் கொஞ்சம் கைக்காசையும் போட்டா டீம்ல மத்தவங்களுக்கும் ஒரு நம்பிக்கை. இன்ஃபோ எட்ஜ் 2010ல சொமேட்டோல வெறும் 4.7 கோடி போட்டது, அப்ப அது சாப்பாட்டு மெனு கார்டு சைட்டு. எல்லாரும் சிரிச்சாங்க.

கணக்கர்_பாலு
இன்ஃபோ எட்ஜ்னா நௌக்ரி வேலை சைட்டோட ஓனர், கல்லாப்பெட்டி நிறைய இருக்கு, 4.7 கோடி போனா அவங்க வீட்ல அடுப்பு அணையாது. பைஜூஸும் 2022ல 22 பில்லியன் டாலர்தான், 2024 ஜூலைல திவால் கோர்ட்டுக்குப் போச்சு, அங்க ஈசாப் வச்சிருந்தவன் கிட்ட போய் நம்பிக்கை பத்தி வகுப்பு எடுங்க. சேர வர்ற ஆள்கிட்டயே காசு கேக்குற ஃபவுண்டருக்கு வெளியில ரவுண்டு க்ளோஸ் ஆகலேன்னு எனக்குப் படுது.

துணிஞ்சவன்
உங்களுக்குப் படுறதெல்லாம் ஆதாரம் ஆயிடாது சார்.

கோமதி_பாளை
ரெண்டு பேரும் கோடி கோடியா பேசுறீங்க, நான் சின்னதா ஒண்ணு கேக்கேன். தம்பி, உங்க அப்பா அம்மாவுக்கு ஹெல்த் இன்சூரன்ஸ் யாரு குடுக்கா? பெரிய கம்பெனி குரூப் பாலிசில பேரன்ட்ஸ் கவர் இருக்கும், 15 பேர் கம்பெனில பெரும்பாலும் இருக்காது. வெளியில வந்து புதுசா எடுத்தா சுகர், பிரஷர் மாதிரி ஏற்கெனவே உள்ளதுக்கு மூணு வருஷம் வரைக்கும் வெயிட்டிங் போடலாம், முன்னாடி நாலா இருந்துச்சு, 2024ல மூணா குறைச்சாங்க. அந்த மூணு வருஷத்துல ஒரு பைபாஸ் வந்தா உங்க எஃப்டி மொத்தமும் காலி, ஸ்டார்ட்அப் நல்லா ஓடினாலும் காலி. எங்க வீட்டுக்காரர் வேலை மாறும்போது இதைத்தான் முதல்ல பாத்தோம். ரிசைன் பண்றதுக்கு முன்னாடியே அதே இன்சூரன்ஸ் கம்பெனியோட தனி பாலிசிக்கு மாத்த முடியுமான்னு ஹெச்ஆர்ட்ட கேளுங்க, வெளியில வந்த பொறவு கேட்டா யாரும் போன் எடுக்க மாட்டாங்க. அப்புறம் வீட்ல இன்னொரு சம்பளம் இருக்கா இல்லையான்னு நீங்க சொல்லவே இல்ல, அது தெரியாம இங்க எல்லாரும் போ, போகாதன்னு சொல்றது வேடிக்கையா இருக்கு.

ஓஎம்ஆர்_வாசி
அக்கா, பேரன்ட்ஸ் கவர் கம்பெனிலதான் இருக்கு, அப்பாவுக்கு சுகர் உண்டு. இதை நான் யோசிக்கவே இல்ல. மனைவி ஸ்கூல் டீச்சர், 38 ஆயிரம் வருது.

துணிஞ்சவன்
அக்கா சொன்னதுல தப்பே இல்ல, இதுக்கு நான் எதிர்க்கட்சி இல்ல. ஆனா ஒண்ணு கவனிங்க, இது காசு குடுத்து சரி பண்ற ரிஸ்க், பாலிசியை இப்பவே எடுத்துட்டா முடிஞ்சுது. பாலு சார் எதிர்க்கிறது அதை இல்ல, மாற்றத்தையே எதிர்க்கிறார். பத்து வருஷமா ஒரே கிளையன்ட்டுக்கு ஒரே பழைய சிஸ்டத்தை மெயின்டெயின் பண்ற ஆளை 40 வயசுல வெளிய விட்டா என்ன ஆகும்னு ஒரு எக்ஸல் போடச் சொல்லுங்க.

கணக்கர்_பாலு
மாற்றத்தை நான் எதிர்க்கல, விலையை எதிர்க்கிறேன். ஃபிரெஷ்வொர்க்ஸ்னு ஆரம்பிச்சதே நீங்கதான், அந்த 36 டாலர் ஐபிஓ விலை 2022 நடுவுலயே 15க்குக் கீழ போச்சு, 2024 நவம்பர்ல 13 சதவீதம் ஆளைக் குறைச்சாங்க. ஆரம்பத்துல சேந்தவனுக்கு 15லயும் கொள்ளை லாபம், அதை மறுக்கல. அவனுக்குக் கிடைச்ச விலை வேற. 0.4க்கு 8 லட்சத்தை விடுறது ஆரம்பத்துல சேர்றவனுக்குக் குடுக்கிற விலை இல்ல. 24 லட்சம்தான் முடியும்னா 1 சதவீதம் கேளுங்க. அப்புறம் முக்கியமா ஒண்ணு, ஈசாப் பாலிசி டாக்குமென்ட்ட வாங்கி, வேலையை விட்டா எத்தனை நாளைக்குள்ள எக்ஸர்சைஸ் பண்ணணும்னு பாருங்க. நிறைய இடத்துல 90 நாள்தான். மூணு வருஷம் உழைச்சு வெஸ்ட் ஆனதை வாங்க எக்ஸர்சைஸ் காசும் கட்டி, வரியும் கட்டி, 90 நாளைக்குள்ள புரட்டணும், புரட்டலேன்னா எல்லாம் கம்பெனியோட ஈசாப் பூல்ல திரும்பப் போயிடும்.

பழைய_பங்கு
90 நாள் மேட்டர் சரியான பாயிண்ட். எத்தனையோ பேரு இதுலதான் மாட்டுறாங்க.

பணம் போட்டே தீருவேன்னா ஒரு ரெண்டு லட்சத்தோட நிறுத்துங்க. போடுறதுக்கு முன்னாடி எம்சிஏ (கம்பெனி விவகார அமைச்சகம்) சைட்ல 100 ரூபா கட்டி கம்பெனி ஃபைலிங்கை எடுத்துப் பாருங்க, பழைய ரவுண்டுக்கு பாஸ் 3 (ஷேர் ஒதுக்கினதைத் தெரிவிக்கிற படிவம்) போட்டிருக்காங்களா, எந்த விலைல யாருக்கு அலாட் பண்ணியிருக்காங்கன்னு வந்துடும். போன வருஷம் 8 கோடில வித்துட்டு உங்ககிட்ட 20னு சொல்றாங்களான்னும் தெரிஞ்சுடும். பணத்தை ஃபவுண்டரோட ஜிபேக்கு அனுப்பிடாதீங்க, சிரிக்காதீங்க, நான் பாத்திருக்கேன். தனி பேங்க் அக்கவுண்ட்டுக்குப் போகணும், 60 நாளைக்குள்ள அலாட்மென்ட் வரணும், வரலேன்னா அடுத்த 15 நாளைக்குள்ள திருப்பித் தரணும்னு சட்டம். ஷேரை நியாய மதிப்புக்கு மேல வித்தா கம்பெனிக்குப் போட்ட ஏஞ்சல் டாக்ஸை 2024 பட்ஜெட்ல எடுத்துட்டாங்க, அந்தத் தலைவலி மட்டும் இல்ல.

கணக்கர்_பாலு
நஷ்டமானா வரில கழிச்சுக்கலாம்னு வேற யாராவது சொல்லுவாங்க, நம்பாதீங்க. ரெண்டு வருஷத்துக்கு மேல வச்சிருந்தா லாங் டெர்ம் நஷ்டம், அதை லாங் டெர்ம் லாபத்தோட மட்டும்தான் கழிக்கலாம், எட்டு வருஷத்துக்குள்ள. சம்பளத்தோட கழிக்க முடியாது. அதுக்கும் ஷேரை வித்திருக்கணும், கம்பெனி சும்மா ஷட்டரை இறக்கிட்டுப் போனா நஷ்டம்னு காட்டுறதே பெரும்பாடு.

ஓஎம்ஆர்_வாசி
எல்லாருக்கும் நன்றி. நேத்து ராத்திரி சீனியர்கிட்ட பேசினேன். 10 லட்சம் முடியாதுன்னு சொல்லிட்டேன், கொஞ்ச நேரம் பேசாம இருந்தாரு, அப்புறம் சரின்னாரு. 28 கேட்டேன், 26ல நிக்கிறார், ஈசாப் 0.7 தர்றேன்றார். எக்ஸர்சைஸ் டைம் கேட்டதுக்கு "லாயர் போட்ட டெம்ப்ளேட், நானே படிச்சதில்ல"ன்னு சொன்னார்.

கணக்கர்_பாலு
படிச்சதில்லையாம்! இவர்தான் கம்பெனி நடத்துறார்.

துணிஞ்சவன்
ஒளிக்காம சொன்னாருல்ல, அதைப் பாருங்க. 26க்கும் 0.7க்கும் உங்க எக்ஸலை மறுபடி ஓட்டுங்க சார், பாப்போம்.

கணக்கர்_பாலு
ஓட்டிட்டேன். விடுறது 24 லட்சம், டைல்யூஷன் போக 0.448. ஈடுகட்ட 54 கோடி போதும், பிரிஃபரன்ஸ் தனி. முன்னைக்குப் பரவாயில்ல. எக்ஸர்சைஸ் டைம் அஞ்சு வருஷம்னு எழுத்துல வந்தா நான் வாயை மூடிக்கிறேன், வாய்ல சொன்னா கணக்குல சேத்தி இல்ல.

கோமதி_பாளை
தம்பி, அப்பா பாலிசி?

ஓஎம்ஆர்_வாசி
ஹெச்ஆருக்கு மெயில் போட்டிருக்கேன்க்கா. நோட்டீஸ் பீரியட் மூணு மாசம் இருக்கு, அது முடிவாகாம பேப்பர் போட மாட்டேன்.